பீட்டர் குரோபோட்கின்

பீட்டர் அலெக்சேயெவிச் குரோபோட்கின் (டிசம்பர் 9, 1842 - பிப்ரவரி 8, 1921) உருசியாவைச் சேர்ந்த புவியியலாளர், எழுத்தாளர், அரசின்மைக் கொள்கையாளர் ஆவார். இளவரசர் பட்டம் கொண்ட குடும்பத்தில் பிறந்து அப்பட்டத்தைத் துறந்தவர். உருசியாவிலும் பிரான்சிலும் சிறையிருந்தவர். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் நாடு கடந்து வாழ்ந்தவர். நிலம், தொழிற்சாலை, வீடு ஆகிய அனைத்தும் பொதுவாகி, மக்கள் தாமே அமைத்துக்கொள்ளும் சிறு குழுக்களின் கூட்டிணைப்பால் சமூகம் இயங்க வேண்டும் என்னும் அரசின்மைப் பொதுவுடைமைக் கொள்கையை வகுத்தவர்களுள் முதன்மையானவர்.

தமிழில் அராஜகம் என்னும் சொல் பெரும்பாலும் சட்டம் ஒழுங்கற்ற குழப்ப நிலையையே குறிக்கிறது. எனவே இக்கட்டுரையில் அரசின்மை என்னும் சொல் ஆளப்படுகிறது. இந்தச் சொற்சிக்கல் தமிழுக்கு மட்டும் உரியதன்று. அரசின்மை என்றால் வெடிகுண்டு என்றோ, நாகரிகத்தைக் கைவிட்டுக் காட்டுக்குத் திரும்புவது என்றோ மக்கள் எண்ணுவதை மாற்றுவதற்கே குரோபோட்கின் தம் எழுத்து வாழ்வின் பெரும்பகுதியைச் செலவிட்டார். இது தொடர்பாக அவருக்கும் அவருடைய தோழர்களுக்கும் இடையே எழுந்த கருத்து வேறுபாடுகள் அவர் வாழ்க்கையின் முக்கியமான பகுதியாகும்.

இளமை

குரோபோட்கின் மாஸ்கோ நகரில் பிறந்தார். தந்தை அலெக்சேய் பெத்ரோவிச் குரோபோட்கின் மூன்று மாகாணங்களில் நிலங்களும் ஏறத்தாழ 1,200 ஆண் பண்ணையடிமைகளும் கொண்டிருந்த நிலக்கிழார். தாய் எக்கத்தரீனா ஒரு படைத்தலைவரின் மகள். குரோபோட்கினுக்கு மூன்று வயதானபோது அவர் காசநோயால் இறந்தார். அதன்பின் பீட்டரையும் அவருடைய அண்ணன் அலெக்சாந்தரையும் அன்புடன் பார்த்துக்கொண்டவர்கள் வீட்டுப் பணியாட்களே. அப்பணியாட்கள் அடிக்கப்படுவதையும் கட்டாயமாகப் படைக்கு அனுப்பப்படுவதையும் அவர் சிறுவயதிலேயே கண்டார். பன்னிரண்டாம் வயதளவில் இளவரசர் என்னும் பட்டத்தைத் தம் பெயருடன் எழுதுவதை நிறுத்திக்கொண்டார்.

1857 இல் செயின்ட் பீட்டர்சுபர்க்கில் உயர்குடிச் சிறுவர்களுக்கான படைப்பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார். அங்கு முதல் மாணவராகத் தேறியதால் பேரரசர் இரண்டாம் அலெக்சாந்தரின் தனி ஏவலராகப் பணியாற்றும் வாய்ப்புக் கிடைத்தது. 1861 இல் பண்ணையடிமை முறையை ஒழித்த பேரரசர் மீது அவருக்கு முதலில் பெருமதிப்பு இருந்தது. அரசவையை அருகிலிருந்து பார்த்தபின் அம்மதிப்புக் குறைந்தது. அக்காலத்தில் தொழிற்கூடங்களைச் சென்று பார்ப்பதிலும் அவருக்கு ஆர்வம் இருந்தது. எந்திரங்களின் இயக்கத்தில் ஓர் அழகு உண்டு என்று அவர் அப்போது உணர்ந்ததைப் பின்னாளில் தம் தன்வரலாற்றில் பதிவு செய்துள்ளார்.

சைபீரியா

1862 இல் பள்ளியை முடித்த அவர் விரும்பிய படைப்பிரிவைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்றிருந்தார். தலைநகரின் புகழ்பெற்ற பிரிவுகளை விடுத்து, கிழக்குச் சைபீரியாவில் இருந்த ஆமூர் கொசாக்குப் படைப்பிரிவைத் தேர்ந்தெடுத்தார். சிறைகள், உள்ளாட்சி ஆகியவற்றைச் சீர்திருத்தும் குழுக்களில் அங்கு பணியாற்றினார். அக்குழுக்களின் பரிந்துரைகள் தலைநகரின் அலுவலகங்களில் முடங்கிப்போவதைக் கண்டு, மேலிருந்து வரும் சீர்திருத்தத்தில் நம்பிக்கை இழந்தார்.

1864 முதல் மஞ்சூரியா, சயான் மலைகள், ஒலெக்மா-வித்திம் பகுதி ஆகியவற்றில் ஆய்வுப் பயணங்கள் மேற்கொண்டார். 1866 இல் லேனா ஆற்றுத் தங்கச் சுரங்கங்களிலிருந்து சீத்தா நகருக்கு மலைகளைக் கடந்து செல்லும் வழியைக் கண்டறிந்தார். ஆசியாவின் முதன்மை மலைத்தொடர்கள் தென்மேற்கிலிருந்து வடகிழக்காகச் செல்கின்றன என்ற அவருடைய முடிவு, அதுவரை வழங்கிய நிலப்படங்களைத் திருத்த உதவியது. கடுங்குளிரில் விலங்குகள் ஒன்றோடொன்று போரிடுவதைவிடக் கூடி வாழ்ந்தே பிழைக்கின்றன என்பதையும் இப்பயணங்களில் கவனித்தார். பின்னாளில் எழுதிய பரஸ்பர உதவி என்னும் நூலுக்கு இதுவே வித்தாகும்.

1866 இல் பைக்கால் ஏரிப் பகுதியில் சாலைப்பணியில் ஈடுபடுத்தப்பட்டிருந்த போலந்து நாட்டுக் கைதிகள் கிளர்ந்தெழுந்தனர். கிளர்ச்சி அடக்கப்பட்டுத் தலைவர்கள் கொல்லப்பட்டனர். இதன்பின் பீட்டரும் அலெக்சாந்தரும் படைப்பணியிலிருந்து விலகினர்.

அறிவியலிலிருந்து அரசியலுக்கு

1867 இல் தலைநகர் திரும்பிய குரோபோட்கின் பல்கலைக்கழகத்தில் கணிதம் பயின்றார். உருசியப் புவியியல் கழகத்தின் இயற்புவியியல் பிரிவுச் செயலாளராகவும் பணியாற்றினார். 1871 இல் பின்லாந்திலும் சுவீடனிலும் பனியாறுகளின் தடயங்களை ஆராய்ந்தார். அப்பயணத்தின்போது கழகத்தின் செயலாளர் பதவி அவருக்கு அளிக்கப்பட்டது. சுற்றிலும் உழவர்கள் பசியில் வாடும்போது ஆய்வின் இன்பத்தைத் தாம் மட்டும் நுகர்வது சரியன்று எனக் கருதி அதை ஏற்க மறுத்தார்.

1872 இல் சுவிட்சர்லாந்து சென்று அனைத்துலகத் தொழிலாளர் சங்கத்தில் சேர்ந்தார். அங்கு யூரா மலைப்பகுதியின் கடிகாரத் தொழிலாளர்களைச் சந்தித்தது அவர் வாழ்வில் திருப்பமாக அமைந்தது. அவர்கள் பெரிய ஆலைகளில் அல்லாமல் வீடுகளிலும் சிறு பட்டறைகளிலும் வேலை செய்தனர். நுண்ணிய கருவிகளைக் கையாண்டனர். தலைவர் சொல்லுக்குக் காத்திராமல் தாமே கூடிப் பேசி முடிவெடுத்தனர். அவர்களிடமிருந்து திரும்பியபோது தாம் அரசின்மையாளராக மாறியிருந்ததாகக் குரோபோட்கின் குறிப்பிட்டுள்ளார். அரசு இல்லாமலும் தொழில் நடக்கும், பெரிய ஆலை இல்லாமலும் நுட்பம் வளரும் என்னும் அவருடைய பிற்காலக் கருத்துக்கு இம்மக்களே முன்மாதிரி ஆவர்.

உருசியா திரும்பியதும் சைக்கோவ்சுக்கி குழுவில் இணைந்தார். உழவர் உடையணிந்து, பொரோதின் என்ற பெயரில் தொழிலாளர்களிடையே பரப்புரை செய்தார். மார்ச் 1874 இல், பனியூழி பற்றிய ஆய்வுரையைப் புவியியல் கழகத்தில் வழங்கிய சில நாட்களுக்குள் கைது செய்யப்பட்டு, பீட்டர்-பால் கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டார். ஆய்வை எழுதி முடிக்கச் சிறையில் அனுமதி கிடைத்தது. அந்நூல் 1876 இல் வெளிவந்தது.

உடல்நலம் குன்றியதால் படை மருத்துவமனைக்கு மாற்றப்பட்ட அவர், 1876 ஆம் ஆண்டு கோடையில் அங்கிருந்து தப்பினார். கடிகாரம் ஒன்றினுள் மறைத்து அனுப்பப்பட்ட குறிப்பின் மூலம் திட்டம் அவருக்குத் தெரிவிக்கப்பட்டது. எதிர்வீட்டிலிருந்து ஒலித்த வயலின் இசை, வழி தடையின்றி இருப்பதற்கான அறிகுறியாக இருந்தது. முற்றத்தில் உலவிக்கொண்டிருந்தவர் வாயிலை நோக்கி ஓடி, காத்திருந்த குதிரை வண்டியில் ஏறி மறைந்தார். பின்லாந்து, சுவீடன், நார்வே வழியாக இங்கிலாந்து சேர்ந்தார்.

சுவிட்சர்லாந்தும் பிரான்சும்

1877 இல் மீண்டும் சுவிட்சர்லாந்து சென்றார். 1878 இல் சோபியா அனானியேவா என்பவரை மணந்தார். 1879 இல் ஜெனீவாவில் லெ ரெவோல்தே (கிளர்ச்சியாளன்) என்னும் இதழைத் தொடங்கினார். புகழ்பெற்ற புவியியலாளரும் அரசின்மையாளருமான எலிசே ரெக்லூ இக்காலத்தில் அவருக்கு நெருங்கிய நண்பரானார்.

1881 இல் இரண்டாம் அலெக்சாந்தர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து சுவிட்சர்லாந்து அரசு அவரை வெளியேற்றியது. 1882 இறுதியில் பிரான்சில் கைது செய்யப்பட்டார். அறுபதுக்கும் மேற்பட்டோர் மீது லியோன் நகரில் நடந்த வழக்கில், தடை செய்யப்பட்டிருந்த அனைத்துலகத் தொழிலாளர் சங்கத்தைச் சார்ந்தவர் என்ற குற்றச்சாட்டில் அவருக்கு 1883 இல் ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. கிளேர்வோ சிறையில் நோயுற்றார். அறிஞர்கள் பலர் அவர் விடுதலைக்காக விண்ணப்பித்தனர். ஜனவரி 1886 இல் விடுவிக்கப்பட்டு இங்கிலாந்தில் குடியேறினார்.

இங்கிலாந்து வாழ்க்கை

1886 அக்டோபரில் சார்லட் வில்சன் முதலியோருடன் இணைந்து பிரீடம் (விடுதலை) என்னும் இதழைத் தொடங்கினார். அதே ஆண்டில் சைபீரியாவிற்கு நாடு கடத்தப்பட்டிருந்த அண்ணன் அலெக்சாந்தர் தற்கொலை செய்துகொண்ட செய்தி வந்தது. 1887 இல் மகள் அலெக்சாந்திரா பிறந்தார்.

குரோபோட்கின் எழுத்தால் கிடைத்த வருவாயைக் கொண்டே வாழ்ந்தார். அறிவியல் இதழ்களிலும் பிரித்தானிக்கா கலைக்களஞ்சியத்திலும் எழுதினார். ரொட்டியின் வெற்றி (1892), வயல்கள் தொழிற்சாலைகள் பட்டறைகள் (1899), ஒரு புரட்சியாளனின் நினைவுகள் (1899), பரஸ்பர உதவி (1902), மாபெரும் பிரெஞ்சுப் புரட்சி (1909) ஆகிய நூல்கள் இக்காலத்தில் வெளிவந்தன. வாழ்க்கைப் போராட்டம் என்னும் டார்வினியக் கருத்தை மனிதர்களுக்குப் பொருத்தித் தாமசு ஹக்சிலி 1888 இல் எழுதிய கட்டுரைக்கு மறுப்பாக எழுதப்பட்ட கட்டுரைகளே பரஸ்பர உதவி நூலாயின.

எந்திரமும் தொழிற்சாலையும்

அரசின்மையாளர்களிடையே தொழில்துறை பற்றி ஒருமித்த கருத்து இருந்ததில்லை. ஆலைகளைத் தொழிலாளர்கள் கைப்பற்றினால் போதும் என்றனர் ஒரு சாரார். ஆலைமுறையே அடிமைத்தனம் என்றனர் மற்றொரு சாரார். குரோபோட்கின் இவ்விரண்டிலிருந்தும் விலகி நின்றார்.

வயல்கள் தொழிற்சாலைகள் பட்டறைகள் நூலில், ஆடம் ஸ்மித் போற்றிய வேலைப் பிரிவினையை அவர் கேள்விக்குள்ளாக்கினார். வாழ்நாள் முழுதும் ஒரு பொருளின் ஒரு துண்டை மட்டும் செய்பவர் தம் அறிவாற்றலை இழக்கிறார் என்பது அவர் வாதம். ஒவ்வொருவரும் மூளை உழைப்பும் உடல் உழைப்பும், வயல் வேலையும் பட்டறை வேலையும் கலந்து செய்ய வேண்டும். தொழில்கள் சில நகரங்களில் குவியாமல் ஊர்கள்தோறும் பரவ வேண்டும். மின்னாற்றலும் சிறு எந்திரங்களும் இதை எளிதாக்கும் என்று அவர் எதிர்பார்த்தார். பாரிசைச் சுற்றியுள்ள காய்கறித் தோட்டங்கள், கெர்ன்சி தீவின் கண்ணாடிக் கூடங்கள், செபீல்டு நகரின் கத்தித் தொழில் முதலியவற்றைச் சான்றாகக் காட்டினார். கெர்ன்சியின் கண்ணாடிக் கூடங்களை நேரில் பார்வையிட்டும் இருந்தார்.

ரொட்டியின் வெற்றி நூலில், இருபது வயதுக்குமேல் தொடங்கி நாற்பத்தைந்து அல்லது ஐம்பது வயது வரை ஒருவர் நாளொன்றுக்கு ஐந்து மணி நேரம் உழைத்தாலே அனைவருக்கும் தேவையானவை கிடைக்கும் எனக் கணக்கிட்டார். பாத்திரம் கழுவும் எந்திரத்தையும் அந்நூலில் குறிப்பிடுகிறார். வீட்டுவேலைச் சுமையில் பெண்களை விட்டுவைக்கும் புரட்சி புரட்சியாகாது என்பது அவர் நிலைப்பாடு. எந்திரத்தை வெறுப்பதைவிட, அது யாருடைய சுமையைக் குறைக்கிறது என்று கேட்பதே முறை என அவர் எண்ணினார்.

இங்கிலாந்தில் அவருடைய நண்பராயிருந்த கவிஞர் வில்லியம் மோரிசு, கைவினையைப் போற்றி எந்திரத்தை வெறுத்தவர். மோரிசின் பெருங்கவித்திறனில் எந்திரத்தின் ஆற்றலையும் அழகையும் உணரும் தன்மை மட்டும் குறைந்திருந்தது என்று குரோபோட்கின் தம் தன்வரலாற்றில் கருத்துத் தெரிவித்துள்ளார்.

இத்தாலிய அரசின்மையாளர் எரிக்கோ மலத்தெஸ்தா வேறொரு கோணத்தில் மறுத்தார். பொருள்கள் ஏற்கெனவே மிகுதியாக உள்ளன, எடுத்துக்கொள்வதே மீதி என்ற எண்ணத்தைக் குரோபோட்கினின் நூல்கள் வளர்ப்பதாக அவர் அஞ்சினார். மக்களுக்குத் தேவையான அளவு பொருள்கள் உண்மையில் இல்லை, புரட்சிக்குப் பின் கடுமையாக உழைத்தே அவற்றை உண்டாக்க வேண்டியிருக்கும் என்பது மலத்தெஸ்தாவின் கருத்து. குரோபோட்கின் மறைந்து பத்தாண்டுகளுக்குப் பின், 1931 இல் எழுதிய நினைவுக் கட்டுரையில், அளவுகடந்த நம்பிக்கையும் வரலாறு தானே அரசின்மையை நோக்கிச் செல்கிறது என்ற எண்ணமும் தம் நண்பரின் குறைகள் என மலத்தெஸ்தா குறிப்பிட்டார்.

இயற்கைக்குத் திரும்புதல்

1890-களின் நடுவில் பாரிசில் இயற்கையர் எனத் தம்மை அழைத்துக்கொண்ட அரசின்மைக் குழு ஒன்று தோன்றியது. எமில் கிராவெல் 1894 இல் இயற்கை நிலை என்னும் இதழை வெளியிட்டார். ஆன்றி சிஸ்லி முதலியோர் அவருடன் இணைந்தனர். வறுமைக்கும் நோய்க்கும் காரணம் நாகரிகமும் தொழில்துறையும்தான், நிலம் தன் இயல்பிலேயே மனிதர்க்குப் போதிய உணவைத் தரும் என்பது அவர்கள் கொள்கை. அறிவியலும் எந்திரமும் விடுதலைக்கு உதவும் என்பதை அவர்கள் ஏற்கவில்லை. குரோபோட்கினின் நெருங்கிய தோழரான ழான் கிராவ் 1895 முதல் நடத்திய புதிய காலம் என்னும் இதழ் இவர்களை எதிர்த்தது. இத்தகைய கருத்துகள் அரசின்மையைக் கேலிப்பொருளாக்கும் என்ற கவலையும் அவ்வெதிர்ப்பில் இருந்தது.

குரோபோட்கின் பழங்குடிகளை இழிவாகக் கருதியவர் அல்லர். பரஸ்பர உதவி நூலில் பழங்குடி வாழ்வுக்கு ஓர் அதிகாரத்தையே ஒதுக்கி, கூடி உண்ணல், கூடி உழைத்தல், பகிர்தல் ஆகிய பண்புகளை எடுத்துக்காட்டினார். ஆனால் அவற்றை மனிதரிடம் இயல்பாகவே உள்ள கூட்டுணர்வுக்குச் சான்றாகக் கொண்டாரேயன்றி, திரும்பிச் செல்ல வேண்டிய இடமாகக் கொள்ளவில்லை. அதே நூலில் இடைக்கால நகரங்களின் கைவினைஞர் சங்கங்களுக்கும், தம் காலத்துத் தொழிற்சங்கங்களுக்கும் அவர் இடமளித்தார்.

நகரை விட்டு விலகிச் சிறு குடியிருப்புகள் அமைப்பதிலும் அவருக்குத் தயக்கம் இருந்தது. 1895 இல் இங்கிலாந்தின் நியூகாசில் அருகே கிளவுசுடன் ஹில் என்னும் இடத்தில், அவருடைய எழுத்துகளால் தூண்டப்பட்ட சிலர் 20 ஏக்கர் நிலத்தில் பொதுவுடைமைப் பண்ணை ஒன்றைத் தொடங்கினர். அதன் பொருளாளராக இருக்குமாறு வேண்டியபோது அவர் மறுத்துவிட்டார். எனினும் அவர்களுக்கு எழுதிய கடிதத்தில், மிகச் சிலரே ஒன்றாக அடைந்து வாழ்வதும், சுற்றியுள்ள சமூகத்திலிருந்து தனித்து நிற்பதும், பெண்கள் சமையலிலும் துவைப்பிலும் அடிமைப்படுவதும் இத்தகைய முயற்சிகளை அழிக்கின்றன என எச்சரித்தார். நகருக்கு அருகில் இருந்து, கண்ணாடிக் கூடங்களில் செறிவான வேளாண்மை செய்யுமாறு அறிவுறுத்தினார். பண்ணையின் பொதுவுடைமை முறை சில ஆண்டுகளே நீடித்தது.

எளிய உழவர் வாழ்வையும் வன்முறை மறுப்பையும் போதித்த தோல்ஸ்தோயுடனும் அவருக்கு வேறுபாடு உண்டு. ஒடுக்கப்பட்டோர் ஆயுதம் ஏந்துவதைக் குரோபோட்கின் முற்றிலும் மறுத்ததில்லை. ஆயினும் உருசியாவில் துன்புறுத்தப்பட்ட துக்கோபோர் சமயப் பிரிவினர் ஏறத்தாழ 7,500 பேர் 1899 இல் கனடாவில் குடியேறுவதற்கு இருவருமே உதவினர்.

வெடிகுண்டும் பொதுமக்கள் பார்வையும்

1881 இல் லண்டனில் கூடிய மாநாடு, சொல்லைவிடச் செயலே மக்களை எழுப்பும் என்னும் செயல்வழிப் பரப்புரையை ஏற்றது. குரோபோட்கின் அம்மாநாட்டில் கலந்துகொண்டார். அவர் செயல்வழிப் பரப்புரை எனக் கருதியது மக்கள் கூடி எழும் கிளர்ச்சியை ஆகும். தனி ஒருவர் வைக்கும் வெடிகுண்டை அவர் அவ்வாறு கொள்ளவில்லை. கத்தி, துப்பாக்கி, வெடிமருந்து ஆகியவற்றைப் போற்றி 1880 இல் லெ ரெவோல்தே இதழில் பெயரின்றி வெளிவந்த ஒரு கட்டுரை நெடுங்காலம் குரோபோட்கினுடையது எனக் கருதப்பட்டது. அதை எழுதியவர் இத்தாலியரான கார்லோ காஃபியேரோ என்பது பின்னர் தெளிவாயிற்று.

1892 முதல் 1894 வரை பிரான்சில் ரவாஷோல், வையான், எமில் ஆன்றி ஆகியோரின் வெடிகுண்டுத் தாக்குதல்கள் நிகழ்ந்தன. 1894 ஜூனில் பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் சாதி கார்னோ கொல்லப்பட்டார். இதழ்களை ஒடுக்கும் கடுஞ்சட்டங்கள் இயற்றப்பட்டன. நாளேடுகளில் அரசின்மையாளர் என்றாலே மேலங்கிக்குள் குண்டை மறைத்துத் திரிபவர் என்ற உருவம் நிலைபெற்றது.

அரசின்மையாளர்களோ பிளவுபட்டு நின்றனர். சிலர் ரவாஷோலை வீரராகப் போற்றினர். பணக்காரரிடம் திருடுவதும் புரட்சியே என்று வேறு சிலர் வாதிட்டனர். பல நூற்றாண்டுகளாக வளர்ந்த சமூக அமைப்பைச் சில கிலோ வெடிமருந்தால் தகர்க்க முடியாது என்பது குரோபோட்கினின் நிலைப்பாடு. திருட்டையும் அவர் ஏற்கவில்லை. அதே வேளையில், தாக்குதல் நடத்தியவர்களை அரசுகளோடு சேர்ந்து கண்டிக்க அவர் தயங்கினார். அவர்களை அந்நிலைக்குத் தள்ளிய கொடுமைகளையே முதலில் கேள்வி கேட்க வேண்டும் என்றார். இந்தத் தயக்கம் எதிரிகளுக்கு உடந்தையாகவும், தோழர் சிலருக்குக் கோழைத்தனமாகவும் தெரிந்தது.

1905 ஆம் ஆண்டு உருசியப் புரட்சியின்போது இதே சிக்கல் மீண்டும் எழுந்தது. செல்வர் என்பதற்காகவே எவர் மீதும் குண்டு வீசலாம் என்னும் இளைஞர் குழுக்கள் தோன்றின. இயக்கத்தின் பெயரால் கொள்ளைகளும் நடந்தன. 1906 அக்டோபரில் லண்டனில் கூடிய உருசிய அரசின்மையாளர் கூட்டத்தில் குரோபோட்கின் இவற்றை வெளிப்படையாக எதிர்த்தார். 1911-12 இல் பாரிசில் பொன்னோ கும்பல் தானுந்தில் வந்து வங்கிப் பணத்தைக் கொள்ளையடித்தது. அதைச் சார்ந்தோரில் சிலர் புலால், மது ஆகியவற்றைத் தவிர்த்து எளிய வாழ்வு வாழ்ந்த தனிமனித அரசின்மையாளர் குழுவிலிருந்து வந்தவர்கள். தன்னல அடிப்படையிலான இப்போக்கை அரசின்மை என்றே குரோபோட்கின் ஏற்கவில்லை.

பிரித்தானிக்கா கலைக்களஞ்சியத்தின் 11 ஆம் பதிப்பில் (1910-11) அரசின்மை பற்றிய கட்டுரையைக் குரோபோட்கின் எழுதினார். அதில் அவர் கொள்கையின் வரலாற்றையே விளக்கியிருந்தார். பதிப்பாசிரியர் அதனுடன் தனிக்குறிப்பு ஒன்றைச் சேர்த்து, அரசின்மையாளர்கள் செய்ததாகக் கூறப்பட்ட கொலைகளையும் தாக்குதல்களையும் பட்டியலிட்டார். பொதுமக்கள் மனத்தில் இருந்த உருவத்திற்கும் குரோபோட்கின் காட்ட விரும்பிய உருவத்திற்கும் இடையே இருந்த தொலைவு அந்த ஒரே பக்கத்தில் பதிவாகியுள்ளது.

முதல் உலகப்போர்

1914 இல் போர் மூண்டபோது குரோபோட்கினுக்கு 71 வயது. செருமனி வென்றால் புரட்சியின் தாயகமான பிரான்சு நசுக்கப்பட்டு, ஐரோப்பா முழுதும் படையாட்சி பரவும் என அவர் அஞ்சினார். எனவே நேச நாடுகளை ஆதரித்தார். 1914 அக்டோபரில் அவருடைய கடிதம் பிரீடம் இதழில் வெளிவந்தது. அரசுகளின் போரில் தொழிலாளர்களுக்குப் பங்கில்லை என்று அரசின்மையாளர்கள் நெடுங்காலம் கூறி வந்தவர்கள். அவர்களுள் பெரும்பாலோர் இக்கடிதத்தால் அதிர்ச்சியுற்றனர். நெடுநாள் நண்பரான மலத்தெஸ்தா அதே இதழில் மறுப்பு எழுதினார். பிரீடம் ஆசிரியர் தாமஸ் கீல் போர் எதிர்ப்பின் பக்கம் நின்றார். தாம் தொடங்கிய இதழிலிருந்து குரோபோட்கின் விலக நேர்ந்தது.

1916 இல் குரோபோட்கின், ழான் கிராவ் முதலியோர் வெளியிட்ட போர் ஆதரவு அறிக்கை பதினாறு பேர் அறிக்கை என வழங்குகிறது. உண்மையில் அதில் ஒப்பமிட்டவர்கள் பதினைந்து பேரே. ஒருவருடைய ஊர்ப்பெயரான உசேன் தே என்பது ஆள்பெயர் எனத் தவறாக எண்ணப்பட்டது. அரசின்மை பற்றிய மக்கள் பார்வையைத் திருத்த முப்பது ஆண்டுகள் உழைத்தவரே, தம் தோழர்களின் பார்வையில் கொள்கையைக் கைவிட்டவரானார். இப்பிளவு இறுதிவரை முழுமையாக ஆறவில்லை.

உருசியா திரும்புதல்

பிப்ரவரிப் புரட்சியைத் தொடர்ந்து, 1917 கோடையில் குரோபோட்கின் உருசியா திரும்பினார். பெத்ரோகிராது தொடர்வண்டி நிலையத்தில் பெருங்கூட்டம் அவரை வரவேற்றது. கெரென்ஸ்கியின் இடைக்கால அரசு அளிக்க முன்வந்த கல்வி அமைச்சர் பதவியை மறுத்துவிட்டார். போரைத் தொடர வேண்டும் என்ற நிலைப்பாட்டால் உருசிய அரசின்மையாளர்களில் பலரும் அவரிடமிருந்து விலகியே இருந்தனர்.

1918 இல் மாஸ்கோவுக்கு வடக்கேயுள்ள திமித்ரோவ் என்னும் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தார். உணவும் விளக்கெண்ணெயும் தட்டுப்பட்ட அந்நாட்களில் அறவியல் பற்றிய நூலை எழுதிக்கொண்டிருந்தார். அது முற்றுப்பெறாமலே 1922 இல் வெளியிடப்பட்டது. உள்ளூர்க் கூட்டுறவு அமைப்பினருடன் நெருங்கிப் பழகினார். 1919 இல் லெனினை நேரில் சந்தித்துக் கூட்டுறவுகளுக்காகப் பேசினார். 1920 இல் எழுதிய கடிதங்களில், கட்சியாட்சி கீழிருந்து கட்டும் முயற்சிகளை அழிக்கிறது எனவும், எதிரிகளைப் பிணைக்கைதிகளாகப் பிடிப்பது இடைக்காலக் கொடுமை எனவும் லெனினுக்கு எடுத்துரைத்தார். அதே ஆண்டில் எம்மா கோல்ட்மன், அலெக்சாந்தர் பெர்க்மன் ஆகியோர் அவரைச் சந்தித்தனர். போர்க்காலத்தில் அவரை எதிர்த்து அறிக்கை வெளியிட்டவர்கள் இவர்கள்.

இறப்பு

பிப்ரவரி 8, 1921 அன்று திமித்ரோவில் நுரையீரல் அழற்சியால் குரோபோட்கின் காலமானார். அரசு மரியாதையுடன் அடக்கம் செய்யும் திட்டத்தைக் குடும்பத்தினரும் தோழர்களும் ஏற்கவில்லை. பிப்ரவரி 13 அன்று மாஸ்கோவில் நடந்த இறுதி ஊர்வலத்தில் ஏறத்தாழ 20,000 பேர் கலந்துகொண்டதாக மதிப்பிடப்படுகிறது. சிறையில் இருந்த அரசின்மையாளர் சிலர் இதற்கென ஒருநாள் மட்டும் விடுவிக்கப்பட்டனர். நோவோதேவிச்சி இடுகாட்டில் உடல் அடக்கம் செய்யப்பட்டது. சோவியத் ஆட்சியில் அரசின்மையாளர்கள் கருங்கொடியேந்திப் பெருந்திரளாக வெளிப்படையாகக் கூடிய கடைசி நிகழ்வு இதுவே. அடுத்த மாதம் குரோன்ஸ்தாத் கிளர்ச்சி ஒடுக்கப்பட்டது.

பிற்காலத் தாக்கம்

மாஸ்கோவின் சுரங்கத் தொடர்வண்டி நிலையம் ஒன்றும் தென் உருசியாவின் நகரம் ஒன்றும் குரோபோட்கின் பெயரைத் தாங்கியுள்ளன. 1974 இல் ஆங்கிலேய எழுத்தாளர் காலின் வார்டு, வயல்கள் தொழிற்சாலைகள் பட்டறைகள் நூலைச் சுருக்கி விளக்கவுரையுடன் மீண்டும் பதிப்பித்தார்.

குரோபோட்கின் காலத்து விவாதம் இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் மீண்டும் எழுந்தது. ஜான் செர்சான் முதலியோர் வேளாண்மையிலிருந்தே மனித அடிமைத்தனம் தொடங்கியது எனக் கூறி, ஆதிவாழ்வை முன்னிறுத்தும் அரசின்மையைப் பேசினர். தொழில்நுட்பத்தை மக்கள் கட்டுப்பாட்டில் கொண்டுவர முடியும் என்று கருதிய மறே புக்சின் 1995 இல் வெளியிட்ட நூலில் இப்போக்கைக் கடுமையாகச் சாடினார். அதே ஆண்டில், தொழில்துறைச் சமூகத்தை எதிர்த்து அஞ்சல் குண்டுகள் அனுப்பி மூவரைக் கொன்ற தியோடர் கசின்ஸ்கியின் நீண்ட அறிக்கை நாளேடுகளில் வெளியானது. 1999 இல் சியாட்டிலில் உலக வணிக அமைப்புக்கு எதிராக நடந்த போராட்டத்தில் கடைகளின் கண்ணாடிகள் உடைக்கப்பட்டன. அரசின்மை என்றால் அழிவு என்ற உருவம் செய்திகளில் மீண்டும் இடம்பெற்றது. புக்சின் அரசின்மையாளர் என்று தம்மை அழைத்துக்கொள்வதையே அக்காலத்தில் கைவிட்டார்.

எந்திரத்தை ஏற்போர் குரோபோட்கினின் தொழில்துறை நூலையும், பழங்குடி வாழ்வைப் போற்றுவோர் பரஸ்பர உதவி நூலின் தொடக்க அதிகாரங்களையும் தமக்குச் சார்பாகக் கொள்ள முடிகிறது. ஆனால் அவருடைய எழுத்தில் இவை இரண்டும் ஒரே வாதத்தின் பகுதிகளாகும். கூடி வாழும் பண்பு பழங்குடிகளிடமும் உண்டு, கடிகாரப் பட்டறைகளிலும் உண்டு. கருவி எதுவாயினும் அது யாருடைய கையில் இருக்கிறது என்பதே அவர் வாழ்நாள் முழுதும் எழுப்பிய கேள்வியாகும்.